ஆளில்லாத வீட்டில் என்ர கதிரைகள்

போன மாசி மாதம் கனடாவில மார்க்கம் நகரத்தில ஒரு வெறும் வீட்டைத் திறந்து உள்ள கால் வைச்சன், காலுறை நனைஞ்சுபோச்சு. ஹீட்டரை ஆரோ குறைச்சு விட்டிருக்கினம். மேல்மாடிக் குழாய் உறைஞ்சு வெடிச்சு, விறாந்தை முழுக்கத் தண்ணி. வீட்டை விற்கிறதுக்காக வடிவாக் காட்ட நான் கொண்டுவந்து அடுக்கி வைச்ச என்ர சோபாவின்ர மரக்கால் ஊதி, அதின்ர சாயம் வெள்ளைக் கம்பளத்தில இறங்கியிருந்தது.

"என்ர இன்சூரன்ஸ் இருக்குத்தானே தங்கச்சி" எண்டார் வீட்டுக்காரர். இல்லை அண்ணா. அது உங்கட வீட்டுக்கு, என்ர சாமானுக்கு இல்லை. அதோட, 30 நாள் தொடர்ந்து ஆளில்லாமல் கிடந்தால் வீட்டுக்கே பாதுகாப்பைக் குறைக்கிற பாலிசியள் இங்க கனக்க.

விற்கப்போற வீட்டைச் சாமான் வைச்சு அலங்கரிக்கிற இந்த ஸ்டேஜிங் தொழிலுக்கு வாற பிள்ளையளுக்குச் சொல்லுறன்: களஞ்சியம், வான், மற்றாக்களின்ர வீடு எண்டு சாமான் எங்க இருந்தாலும் காக்கிற பாலிசியைக் கேட்டு எடுங்கோ.

இப்ப நான் சாமான் இறக்கினவுடன அறை அறையாத் திகதியோட படம் எடுக்கிறன். ஒவ்வொரு கதிரைக்கு அடியிலயும் இலக்கம். சேதத்துக்கு ஆர் பொறுப்பு, ஹீட்டர் எத்தனை பாகையில நிக்கவேணும், எல்லாம் ஒப்பந்தத்தில எழுத்தா இருக்கும். குளிர்காலத்தில கிழமைக்கு ரெண்டு தரம் நானே போய்ப் பார்க்கிறன். வாசலில வீட்டுத் திறப்பு வைக்கிற லொக்பொக்ஸ் பெட்டியின்ர இலக்கம் கனபேருக்குத் தெரிஞ்சுபோனால் மாத்தச் சொல்லிக் கேட்பன். ஏஜென்ட்மாருக்கு அது கரைச்சல்தான், ஆனாலும் கேட்பன்.

சோபா போகட்டும். அம்மா தன்ர கையால தைச்சுத் தந்த நாலு குஷன் உறையும் அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடந்தது.