அலமாரியில் சாம்பு அகப்பட்டால்

மழைக்காலம் முடிந்து ரங்கூன் வீடுகளில் அப்பாவின் அலமாரியை ஒழிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழுப்பேறிய பைண்டு எதையும் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள். ஆனந்த விகடன் வார இதழில் வந்த, எழுத்தாளர் தேவனின் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துத் தைத்த தொகுப்பாக இருக்கலாம். பக்க எண் 17-லிருந்து 54-க்குத் தாவும், அத்தியாயத்துக்கு நடுவே சோப்பு விளம்பரம் வரும். அதுதான் அடையாளம்.

அதில் அவருடைய ‘துப்பறியும் சாம்பு’ கதைகள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சாம்பு ஒரு பாங்கி குமாஸ்தா, சுத்த அசடு, உளறியதெல்லாம் துப்பாகிவிடும். நாளுக்கு இரண்டு கதை போதும். ஐந்தாறு சேர்த்துப் படித்தால் சூத்திரம் பிடிபட்டுவிடும், சிரிப்பு வராது.

பக்கங்கள் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். புத்தகத்தை விசிறி போல விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். (கரண்ட் இருந்தால்!) வெயிலில் வைத்தால் தாள் முறுகி மடிப்பில் உடையும். துருப்பிடித்த பின்னை நெம்பாமல், முதலில் அதன் கால்களை நிமிர்த்துங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது, அதன் பசை மஞ்சளாகி எழுத்தை விழுங்கிவிடும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும்.

பைண்டர் ஓரம் வெட்டியதில் வரிக்கடைசி எழுத்துகள் போயிருக்கும். அதற்கு மருந்தில்லை, ஊகித்துத்தான் சிரிக்க வேண்டும்.