வலியில்லாத பல்லுக்கு எதற்குக் கேப்?

ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுக்கும் சிகிச்சை முடிந்து வலி நின்ற பிறகு, "அடுத்து கேப் போட வேண்டும்", அதாவது பல்லின் மேல் உறை மாட்ட வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. வலியே இல்லாத பல்லுக்கு இன்னொரு செலவு, இன்னொரு சுற்று ராவல் எதற்கு? அதிலும் சில வருடங்களுக்கு முன்பு என் மேல் முன்பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்தபோது கேப் என்ற பேச்சே எழவில்லை. பல்லின் பின்பக்கம் சின்னத் துளை, அதற்குப் பல் நிறத்தில் ஒரு ஃபில்லிங், அவ்வளவுதான். அந்தப் பல் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. அப்புறம் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் ஏன்?

இதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். பல்லைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். பக்கத்துப் பல்லை ஒட்டிய ஒரு பக்கம் சொத்தையில் போயிருந்தது, மறுபக்கம் பழைய ஃபில்லிங். மிச்சம் நின்றவை கன்னத்துப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும்தான். கடிக்கும்போது மேல்பல்லின் முனை இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறங்கும். நாக்குப் பக்கச் சுவரின் அடியில் மெல்லிய விரிசல் கோடு ஒன்றும் தெரிந்தது. அது வேர்வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் பல்லை எடுக்க வேண்டியதுதான். என் முன்பல்லில் பக்கச் சுவர்கள் முழுசாக இருந்தன, கடைவாயில் விழுகிற அழுத்தமும் அதன்மேல் விழுவதில்லை.

நரம்பு எடுத்த பல் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடும், அதனால்தான் கேப் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஈரப்பதத்தில் வரும் மாற்றம் மிகவும் சின்னது. பல்லின் பலம் குறைவதற்கு முக்கியக் காரணம் அதில் எவ்வளவு இழந்தோம் என்பதே. 1989-ல் வெளியான ஓர் ஆய்வுக்கூடச் சோதனையில், ரூட் கெனாலுக்காகப் போடும் துளையால் மட்டும் பல்லின் விறைப்பு சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. இரண்டு பக்க விளிம்புகளும் போன பற்களில் அது 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. என் கடைவாய்ப் பல் இந்த இரண்டாவது வகை.

வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் படித்தேன். 2002-ல் வந்த ஓர் ஆய்வில், ரூட் கெனாலுக்குப் பிறகு கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகக் கண்டார்கள். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய பதிவேடுகளைப் பார்த்துச் செய்த ஆய்வு. நல்ல நிலையில் இருக்கும் பல்லுக்குத்தான் பொதுவாகக் கேப்பில் பணம் போடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதிகம் சிதையாத முன்கடைவாய்ப் பற்களை வைத்து 3 வருடம் நடந்த வேறொரு சோதனையில், ஃபைபர் போஸ்ட் (வேருக்குள் இறக்கும் மெல்லிய குச்சி) வைத்து ஃபில்லிங் செய்ததும் கேப் போட்டதும் ஏறக்குறைய ஒரே அளவு தாக்குப்பிடித்தன. ஆகவே ரூட் கெனால் என்றாலே கேப் என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் நான் ஏற்க மாட்டேன். எந்தப் பல், எத்தனை சுவர் மிச்சம் என்று கேட்பேன்.

முழுக் கேப்புக்குப் பதில் ஆன்லே போடலாமா என்றும் கேட்டேன். அது பல்லின் மேல் முனைகளை மட்டும் மூடும், ராவுவதும் குறைவு. விரிசல் இல்லாதிருந்தால் அதையே யோசித்திருக்கலாம் என்றார். சரி, முழுக் கேப்.

முதலில் தற்காலிக அடைப்பை எடுத்துவிட்டு நிரந்தர ஃபில்லிங் செய்தார்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. தற்காலிக அடைப்பு தேய்ந்து கசிந்தால் மேலிருந்து கிருமி இறங்கி, நன்றாகச் செய்த ரூட் கெனாலும் வீணாகும். போஸ்ட் வைத்தால் பல் பலமாகுமா என்று கேட்டதற்கு, இல்லை, மேலே கட்டும் ஃபில்லிங்கைப் பிடித்துக்கொள்ள மட்டுமே அது உதவும் என்றார். என் பல்லில் பிடிமானம் இருந்ததால் போஸ்ட் வேண்டியிருக்கவில்லை.

ராவும் நாளில் ஊசி போட்டார்கள். நரம்பே இல்லாத பல்லுக்கு எதற்கு என்று நினைத்தேன். ஊசி ஈறுக்காம். அளவெடுக்கும்போது விளிம்பு தெளிவாகத் தெரிய, ஈறுக்குள் மெல்லிய நூலைச் செருகுகிறார்கள். அது சுகமான அனுபவம் இல்லை. தற்காலிகக் கேப்போடு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் ஒட்டும் பண்டங்களைக் கடிக்காமல், ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுத்துச் சமாளித்தேன்.

எந்தப் பொருளில் செய்வது என்பதில் நான் அதிகம் குழம்பவில்லை. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதில் பீங்கான் சில்லு பெயரலாம், முழு உலோகம் என்றால் நிறம் காட்டிக்கொடுக்கும். பல் நிறத்தில் வரும் கெட்டியான செராமிக்கான சிர்கோனியா என்று முடிவு செய்தேன்.

கேப் ஒட்டிய பிறகுதான் எதிர்பாராத தொல்லை. கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் தட்டியது, இரண்டொரு நாளில் வலிக்கவும் தொடங்கியது. ரூட் கெனால் தோற்றுவிட்டதோ என்று பயந்துபோனேன். பல்லுக்குள் நரம்பு இல்லாவிட்டாலும், வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்களில் உணர்வு அப்படியே இருக்கும். கேப் இம்மியளவு உயரமாக இருந்தாலும் அவை நோகும். கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, கறை விழுந்த இடத்தை லேசாகத் தேய்த்துவிட்டார்கள், சரியாகிவிட்டது. வாய் மரத்திருக்கும்போது கடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள், அப்போது எதுவும் தெரியாது.

கேப்பில் சொத்தை விழாது, ஆனால் அதன் விளிம்புக்குக் கீழே இருக்கும் பல்லில் விழும். நரம்பு இல்லாததால் வலித்து எச்சரிக்கவும் செய்யாது. எனவே ஈறோடு கேப் சேரும் அந்தக் கோட்டைத்தான் இரவில் கவனமாகத் துலக்குகிறேன், இரண்டு பக்கமும் ஃப்ளாஸ் செய்கிறேன். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது வேர் நுனியை மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.