பக்கத்து நாற்காலி

ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு நாங்கள் குடிவந்த எட்டாவது மாதத்தில், வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்தே பாடம் நடத்தும் வானலைப் பள்ளியைப் பார்க்கப் போனோம். கணவருக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் தஞ்சாவூரிலிருந்து நேராக இந்த வறண்ட செம்மண் பூமிக்கு வந்தவர்கள் நாங்கள். தெற்கே அடிலெய்டும் வடக்கே டார்வினும் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இவ்வூரில் ஏழு வயது மகளின் படிப்பும் தமிழும் என்னவாகும் என்ற கவலை வந்த நாளிலிருந்தே என்னை விடவில்லை. இதையே உலகின் ஒரு கோடி என்று எண்ணியிருந்த எனக்கு, இதையும் தாண்டி வெகுதொலைவில் வாழும் பிள்ளைகளுக்காக இங்கே ஒரு பள்ளி நடக்கிறது என்பது பெரிய செய்தியாக இருந்தது.

பள்ளியின் எல்லை சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது பத்துத் தமிழ்நாடுகள் அளவு. அந்தப் பரப்பில் படிக்கும் பிள்ளைகளோ நூற்றைச் சுற்றித்தான் இருப்பார்கள். மாட்டுப் பண்ணைகளிலும், தொல்குடி மக்களின் சிற்றூர்களிலும், நெடுஞ்சாலையோர விடுதிகளிலும் வாழும் குடும்பங்களின் குழந்தைகள் அவர்கள்.

தொலைதூர மக்களுக்கு விமானத்தில் சென்று மருத்துவம் பார்க்கும் பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலியிலிருந்து பிறந்தது இப்பள்ளி. 1920களின் இறுதியில் ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியை உருவாக்கிய பிறகுதான், ஒதுங்கிக் கிடந்த பண்ணைகள் மருத்துவரை அழைக்க முடிந்தது. அதே கருவியில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லலாமே என்று யோசித்தவர் அடிலெய்டைச் சேர்ந்த கல்வியாளர் அடிலெய்ட் மீத்கி. 1951 ஜூன் 8 அன்று பள்ளி முறையாகத் தொடங்கியது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம், இரைச்சலுக்கிடையே ஆசிரியையின் குரலை மட்டுமே கேட்டு, அவர் முகத்தை அன்றாடம் பார்க்காமலே ஒரு தலைமுறை படித்து வளர்ந்திருக்கிறது. இப்போது செயற்கைக்கோள் வழியாக இணையத்தில் வகுப்பு நடக்கிறது.

கண்ணாடிச் சுவருக்கு இப்புறம் நின்று நாங்கள் ஒரு வகுப்பைப் பார்த்தோம். ஆசிரியை கேமரா முன் அமர்ந்து, திரையில் தெரிந்த சிறு கட்டங்களிலிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி தான் எழுதியதைக் காட்டுவதற்காக நோட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அதைக் கேமராவுக்குக் காட்டவில்லை. முதலில் பக்கவாட்டில் திருப்பினாள். அங்கே, கட்டத்தின் ஓரத்தில், ஒரு பெண்ணின் முழங்கையும் தோளும் மட்டும் தெரிந்தன. அந்தத் தோள் சற்றுச் சாய்ந்து நிமிர்ந்த பிறகே நோட்டு எங்கள் பக்கம் வந்தது.

அந்தத் தோளுக்கு உரியவரைத்தான் இங்கே வீட்டு ஆசிரியர் என்கிறார்கள். பெரும்பாலும் தாய், சில பண்ணைகளில் சம்பளத்துக்கு அமர்த்திய இளம்பெண். திரையில் ஆசிரியை இருப்பது நாளில் சிறிது நேரமே. மற்ற நேரமெல்லாம் பள்ளி அனுப்பும் பாடங்களை வைத்துக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர் இவர்தான். ஆசிரியர்களும் திரையோடு நின்றுவிடுவதில்லை. மாணவர்களின் வீடுகளைத் தேடி நெடுந்தூரம் பயணம் போகிறார்கள். ஆண்டில் சில வாரங்கள் பிள்ளைகளை நகரத்துக்கு வரவழைத்து ஒன்றாகப் படிக்கவும் விளையாடவும் வைக்கிறார்கள். ஆனாலும் அன்றாடப் படிப்பு அந்தப் பக்கத்து நாற்காலியை நம்பித்தான் நிற்கிறது என்று எனக்குப் பட்டது.

இதை எழுதும்போது என் மனம் உறுத்துகிறது. சனிக்கிழமைதோறும் மகளுக்கு இணையத்தில் தமிழ் வகுப்பு உண்டு. கணினியைத் திறந்துவைத்து அவளை உட்காரவைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன். அவள் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவாள். தமிழ் இந்த மண்ணில் ஒட்டாது போலும் என்று அம்மாவிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறேன். பிள்ளையின் அருகில் யாரும் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை சமையலைக் காலையிலேயே முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் அருகில் அமர்ந்தேன். அன்று ழகரப் பாடம். ஆசிரியை எழுதிக் காட்டச் சொன்னதும் மகள் நோட்டை எடுத்தாள். கேமராவுக்குக் காட்டுமுன் என் பக்கம் திருப்பி, “சுழி சரியா இருக்காம்மா?” என்று கேட்டாள்.