மகனை மறுபடி பள்ளிக்கு அனுப்பிய கதை

கொரோனாவால் மூடியிருந்த பள்ளிகளை 2022 பிப்ரவரி 1ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எல்லோருக்கும் திறந்தார்கள். நாலாம் வகுப்பில் இருந்த என் மகன் முந்தின நாள் இரவே பையை அடுக்கி வாசலருகே வைத்துவிட்டான். ஒரு வாரம்தான் போனான். 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தவன் எதுவும் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டான். தொண்டை வலி. ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். மறுநாள் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். வியாழன் மாலை கொரோனா பாசிட்டிவ் என்று குறுஞ்செய்தி வந்தது.

அந்தச் சமயம் அவன் வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி கிடையாது. 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கே ஜனவரியில்தான் போட ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் அப்பத்தா வேறு, 74 வயது, சர்க்கரை உண்டு. அவரைக் கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் வேண்டாம் என்றார். "ரெண்டு நாளாக ஒரே வீட்டில்தானே இருந்திருக்கிறார்கள்? அவருக்கும் தொற்றியிருந்தால் அங்கேயும் கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்." அப்பத்தாவை மாடி அறைக்கு மாற்றினோம். நானும் மகனும் கீழே, எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு இருந்தோம்.

எப்போது பள்ளிக்குப் போகலாம் என்று அவன் கேட்க ஆரம்பித்தது காய்ச்சல் விடுவதற்கு முன்பே. எனக்கும் அதே கேள்விதான். அப்போதிருந்த மத்திய சுகாதார அமைச்சகத்தின் விதி, ஜனவரி 5 அன்று திருத்தியது, படிக்க எளிதாகத்தான் இருந்தது: தொற்று உறுதியாகிக் குறைந்தது 7 நாள் கழிய வேண்டும், தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது, மறுபடி பரிசோதனை தேவையில்லை. ஆனால் கையில் நாள்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணும்போதுதான் சிக்கல். காய்ச்சல் வந்த நாளிலிருந்தா, மாதிரி கொடுத்த நாளிலிருந்தா, முடிவு வந்த நாளிலிருந்தா? மாதிரி கொடுத்த நாளை வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அதாவது 9ஆம் தேதி. அன்றைய நாளைச் சேர்க்காமல் எண்ணினால் 16ஆம் தேதியோடு ஏழு நாள்.

காய்ச்சல் கணக்கில் நான் ஏமாந்தேன். 11ஆம் தேதி காலை உடம்பு சில்லென்று இருந்தது. விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ராத்திரி மறுபடி 100.4. காலையில் தெரியாமல் போனதற்குக் காரணம் விடியற்காலை கொடுத்த பாராசிட்டமால். மருந்து இல்லாமல் காய்ச்சல் வராமல் இருக்கும் நாளைத்தான் எண்ண வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காலையில் ஒரு மூடி சிரப் கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மதியம் மருந்தின் வேகம் குறையும்போது அந்தப் பிள்ளை வகுப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும். நான் அன்றிலிருந்து காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். ஆக்சிஜன் 97க்குக் கீழே இறங்கவே இல்லை. 12, 13, 14 மூன்று நாளும் காய்ச்சல் இல்லை.

15ஆம் தேதி பள்ளிக்குப் போன் செய்தேன். நெகட்டிவ் சான்று இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். விதியில் அப்படி இல்லையே என்று சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் மறுபடி மாதிரி கொடுக்க அழைத்துப் போனேன். குச்சியைப் பார்த்ததும் அவன் அழுதான். வியாழன் வந்த முடிவு, திரும்பவும் பாசிட்டிவ். அன்று நான் நிலைகுலைந்துதான் போனேன். டாக்டர்தான் விளக்கினார்: ஆர்.டி.பி.சி.ஆர். என்கிற இந்தக் குச்சிப் பரிசோதனை தேடுவது கிருமியின் மரபணுத் துணுக்குகளை. கிருமி செத்த பிறகும் அந்தத் துணுக்குகள் பல வாரம் மூக்கில் கிடக்கலாம். பாசிட்டிவ் என்று வருவதாலேயே இன்னும் பரப்புகிறான் என்று அர்த்தமில்லை. அவனை அந்தக் குச்சிக்கு இரண்டாம் முறை உட்காரவைத்தது வீண்தான். அது இன்றுவரை எனக்கு வருத்தம்.

வெள்ளிக்கிழமை அமைச்சக விதியை அச்செடுத்து, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையும் நாள்காட்டித் தாள்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கு நேரில் போனேன். தலைமை ஆசிரியை பொறுமையாக வாசித்தார். மற்ற பெற்றோர் கேட்பார்களே என்ற பயம் அவருக்கு. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அவர் பொறுப்பில் அத்தனை பிள்ளைகள். கடைசியில் சரி என்றார்.

ஆனால் ஏழு நாள் கணக்கு சொல்வது அவனால் மற்றவர்களுக்கு ஆபத்து குறைந்துவிட்டதா என்பதை மட்டும்தான். அவன் உடம்பு பள்ளிக்குத் தயாரா என்பது வேறு கேள்வி. 16ஆம் தேதி மாடிப்படி ஏறி அப்பத்தாவை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினான். சாதாரணமாகப் பகலில் கண்ணையே மூடாத பிள்ளை. அதனால் 17ஆம் தேதியே அனுப்பலாம் என்று விதி சொன்னாலும் நான் அனுப்பவில்லை. 19ஆம் தேதி சனிக்கிழமை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மறுநாள் ஞாயிறு. அதற்குள் தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தான். 21ஆம் தேதி திங்கட்கிழமை அனுப்பினேன்.

அன்றும் மறுநாளும் மதியத்தோடு கூட்டிவந்துவிட்டேன். முகக்கவசத்தைக் கழற்றும் ஒரே நேரம் சாப்பாட்டு நேரம்தான் என்பதால் அந்த வாரம் முழுக்க வெளியே மரத்தடியில் தள்ளி உட்கார்ந்து சாப்பிட ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். விளையாட்டு வகுப்பில் இரண்டு வாரம் ஓட வேண்டாம், நடக்கட்டும், நெஞ்சு வலி, படபடப்பு என்றால் உடனே கூட்டிவரச் சொல்லியிருந்தார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார், பலருக்கு இது தெரியாது: தொற்று வந்த 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்று வலி வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விடக் கூடாது. அரிதாகப் பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளில் அழற்சி வருமாம்.

நான் சொன்ன கணக்கெல்லாம் அந்த வருஷத்து விதி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. 2024 மார்ச்சில் நிலையான நாள் எண்ணிக்கையையே விட்டுவிட்டது. மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலும் மற்ற தொந்தரவுகள் குறைந்துகொண்டும் இருந்தால் வெளியே போகலாம், அதன் பின் 5 நாள் கூடுதல் கவனம் என்கிறது. மருந்தில்லாமல் என்ற அந்த ஒரு சொல் அதிலும் இருக்கிறது.

அப்பத்தாவுக்கு ஒன்றும் வரவில்லை. நாள்காட்டியில் மார்ச் 23 வரை, ஆறு வாரத்துக்கும், தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டு, இரவு தூங்கும்போது அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.