பன்னிரண்டு பேரை வைத்து நேசமணி போட்ட கணக்கு

திருவிதாங்கூரில் இருந்த குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணி என்றால் எங்கள் பக்கத்தில் மறியல், துப்பாக்கிச் சூடு, நவம்பர் 1 என்றே பேச்சு போகும். போராட்டம் இல்லாமல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்காது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திருவனந்தபுரம் சட்டசபையில் அவருடைய கட்சி எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையை எப்படிப் பயன்படுத்தியது என்பதை விரித்துச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

அவர் 1895-இல் விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தவர். வக்கீலாகி நாகர்கோவில் கோர்ட்டுக்கு வந்தபோது, வக்கீல்கள் சங்கத்தில் மேல்சாதிக்காரருக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி, தண்ணீர்ப் பானையும் தனித்தனி. முக்காலிகளை எட்டி உதைத்துவிட்டு எல்லோருக்கும் நாற்காலி போட வைத்தார்.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், சுருக்கமாகத் தி.த.நா.கா., 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் வேறொரு பெயரில் தொடங்கியது. நேசமணி 1947-இல் உள்ளே வந்தார். தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி அவர்கள் கேட்டவை ஒன்பது தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்.

இனி கணக்குக்கு வருவோம். 1952 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்கு 108 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 44, தி.த.நா.கா.வுக்கு 8. தமிழர் ஓட்டு மாநிலம் முழுக்கச் சிதறாமல் தெற்குத் தாலுகாக்களில் குவிந்து கிடந்ததால் சின்னக் கட்சிக்கும் இடங்கள் தேறின. 44-உடன் 8 சேர்ந்தாலும் 52-தான். பாதியே 54 என்பதால் சுயேச்சைகள் சிலரையும் சேர்த்துத்தான் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை அமைந்தது. அப்படிப்பட்ட சபையில் எட்டுப் பேர் விலகினால் ஆட்சி நிற்காது. 1953 செப்டம்பரில் அவர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ள, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் மந்திரிசபை தோற்றது.

ஆட்சியைக் கவிழ்ப்பவர் திரும்ப ஜனங்களிடம் போய் நிற்க வேண்டும். சபை கலைந்ததும் உள்ளதையும் இழந்த சின்னக் கட்சிகள் எத்தனையோ. இவர்களோ 1954 தேர்தலில் எட்டைப் பன்னிரண்டாக்கினார்கள். மொத்தம் 117-இல் காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19. காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரிக்க, வெறும் 19 பேரை வைத்துக்கொண்டு பட்டம் தாணுப்பிள்ளை முதல்வரானார். தமிழர் கட்சியின் தயவு தேவைப்படாத ஏற்பாடு அது. அந்த ஆட்சியில்தான் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பட்டம் பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே சொல்லியும் அவர் அசையவில்லை. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் எதிர்த்து ஓட்டுப் போட்டபோது ஆட்சி விழுந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனனுக்கு 45-உடன் இந்தப் பன்னிரண்டும் கட்டாயம் வேண்டியிருந்தது.

இவ்வளவு செய்தும் எல்லையை மாற்றும் அதிகாரம் அந்தச் சபைக்குக் கிடையாது. அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி மாநிலச் சட்டசபையிடம் கருத்துதான் கேட்பார்கள், சம்மதம் தேவையில்லை. முடிவு நாடாளுமன்றத்தில். நேசமணி 1952-லேயே நாகர்கோவில் எம்.பி.யாக டெல்லிக்குப் போயிருந்தது இந்த இடத்தில்தான் உதவியது. திருவனந்தபுரத்தில் எண்ணிக்கை, டெல்லியில் குரல் என்று இரண்டு முனையையும் ஒரே இயக்கம் பிடித்திருந்தது.

மாநில எல்லைகளைத் திருத்தி அமைக்க மத்திய அரசு போட்ட பசல் அலி கமிஷன் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு. தேவிகுளத்தில் தமிழர்தான் பெரும்பான்மை, ஆனாலும் அதைத் தரவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் வந்துபோகிற ஜனங்கள், அந்த மலையின் பொருளாதாரம் கேரளத்துக்கு வேண்டும் என்பதே வாதம். தலைமுறை தலைமுறையாக மூணாறு லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களை அப்படி எழுதியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. கட்சி காங்கிரசில் கலந்தது. 1957-இல் கிள்ளியூர் எம்.எல்.ஏ., 1962-லும் 1967-லும் மீண்டும் நாகர்கோவில் எம்.பி. என்று நேசமணி 1968 ஜூன் 1 அன்று இறக்கும்வரை சபையில்தான் இருந்தார். அவர் இடத்துக்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தவர் காமராஜர்.

எல்லையைத் தாலுகா வாரியாக வரைந்தார்கள், ஆறு அதன்படி ஓடாது. நெய்யாறு அணை கேரளத்தில், அதன் இடதுகரைக் கால்வாய்ப் பாசனத்தில் விளவங்கோடு தாலுகாவின் 9,200 ஏக்கர். 2004-இலிருந்து கேரளம் தண்ணீர் விடவில்லை. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. விளவங்கோட்டிலும் கிள்ளியூரிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அதைப் பற்றிச் சபையில் எத்தனை கேள்வி போட்டீர்கள் என்று கேளுங்கள்.