கூண்டு ஏறிய வாரம்

அக்டோபர் 22, பாம்பன்

வீட்டுக்கு வந்து மூன்று நாள். தூக்கம் இன்னும் டென்மார்க்கின் கோபன்ஹேகன் கணக்கில்தான் ஓடுகிறது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தூரக் கடலில் தாழ்வு உருவாகியிருக்கிறதாம், துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள். அப்பா வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டுவிட்டு, திண்ணையில் கிழிந்த வலையோடு உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 23

கடலுக்குப் போகாத அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. "அந்த ஊர்ல அப்படி என்னதான் பார்த்த, காட்டு" என்றார். மாதத் தொடக்கத்தில் லூசியானா போய் எடுத்த படங்களைக் காட்டினேன். அமெரிக்காவில் இருக்கும் லூசியானா இல்லை. கோபன்ஹேகனுக்கு வடக்கே 35 கிலோமீட்டரில், ஹும்லபெக் என்ற ஊரில், கடலைப் பார்த்தபடி இருக்கும் நவீனக் கலை அருங்காட்சியகம். 1958-இல் திறந்தது. அதற்கு முன் அது ஒரு பங்களா. கட்டியவர் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரைக் கல்யாணம் செய்தவர், மூன்று பேருக்கும் பெயர் லூயிஸ். அதனால் வீட்டுக்கு லூசியானா.

"கூப்பிடுறப்ப வாய் தவறாதுல்ல" என்றாள் அம்மா.

கடல் பக்கத்து முற்றத்தில் அமெரிக்கச் சிற்பி கால்டரின் இரும்பு வேலைகள் மூன்று நிற்கின்றன. ஒன்றின் பெயர் 'லிட்டில் ஜேனி-வேனி'. உச்சியிலிருந்து தகடுகள் தொங்கும், காற்று தள்ளத் தள்ளத் திரும்பும். நான் எடுத்திருந்தது இருபது விநாடி வீடியோ. அப்பா நான்கு முறை ஓட்டச் சொன்னார்.

"கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்கப்பா. எதிர்க்கரை ஸ்வீடன்."

"தகட்டைக் கடலுக்குத் தள்ளுது பாரு. அப்ப இது கச்சான், மேற்குக் காத்து."

பிறகு கொஞ்ச நேரம் வலையைப் பின்னினார். "நம்ம கூண்டு மாதிரிதான். அதை ஆள் ஏத்தணும், இது தானாச் சொல்லுது."

நான் அங்கே ஒரு மணி நேரம் காபியோடு நின்றேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. வள்ளக்காரர் மகள்!

அக்டோபர் 24

நாள் முழுக்க மழை. கரண்ட் இல்லை.

அக்டோபர் 25

அருங்காட்சியகத்துப் பூங்காப் படங்களைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "மரமெல்லாம் பட்டுப்போச்சா?" இல்லையம்மா, இலையுதிர்காலம். பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைக் கரைத்துவிடும், அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக ஊறுவது. அங்கே பீச் (beech) மரங்கள் மஞ்சளாகி, செம்பாகி உதிர்ந்து கிடந்தன. நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பள்ளிக்கூடத்தில் 'இலையுதிர்காலம்' என்ற சொல்லை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பனையும் உடைமரமும் பார்த்து வளர்ந்தவளுக்கு அது வெறும் பாடம். முதல் வருஷம் அங்கே நின்று பார்த்தபோது தொண்டை அடைத்தது.

அம்மா பேசாமல் எழுந்து போய், வாசல் வாதாம் மரத்தடியிலிருந்து ஓர் இலையைக் கொண்டுவந்தாள். முறம் மாதிரி அகலம், ஈரம். பாதி ரத்தச் சிவப்பு, நடு நரம்பு மட்டும் மஞ்சள், ஓரத்தில் பூச்சி தின்ற ஓட்டை.

"இதைத்தான் தினம் கூட்டித் தள்ளுறேன். நீ டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்க."

அக்டோபர் 27

கூண்டை இறக்கிவிட்டார்கள். ராத்திரி மிச்சப் படங்கள். சிற்பி ஜியாகொமெட்டியின் 'நடக்கும் மனிதன்', 1960-இல் செய்தது. ஈர்க்குச்சி போல ஓர் ஆள். பின்னால் உயரமான கண்ணாடி, அதற்கு வெளியே குளம். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா ஃபோனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"வள்ளத்துல இருந்து பார்த்தா கரையில நடக்கிற ஆள் இப்படித்தான் தெரியும். வெயில்ல ஆடும். தடிமனே இருக்காது."

தூரத்தில் தெரிகிற ஆளை அப்படியே பிடிக்கத்தான் அந்த மனுஷனும் பாடுபட்டார் என்று படித்திருக்கிறேன். சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு நான் பாடம் எடுப்பது போல் இருக்கும்.

அக்டோபர் 28

விடிகாலையில் அப்பா கிளம்பினார். தூறல். தெற்குக் கரையில் நின்று, வள்ளம் புள்ளியாகும் வரை பார்த்தேன்.

மத்தியானம் வந்ததும் கேட்டேன், நான் எப்படித் தெரிந்தேன் என்று.

"ஆள் எங்க தெரிஞ்சுது? குடைதான் தெரிஞ்சுது."