அம்மா ஏன் ஆஸ்பத்திரித் தேதியைத் தவறவிட்டார்?

அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அப்படியிருந்தும் தேதி தவறிக்கொண்டே இருந்தது. "உடம்பு மேல அக்கறை இல்லையாம்மா?" என்று வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். அதன்பிறகு அங்கே போகவே அம்மாவுக்குக் கூச்சம்.

ஊரில் தங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அம்மா போன நூறு நாள் வேலையில் 2023 முதல் செயலியில் காலையும் மதியமும் படம் எடுத்துத்தான் வருகைப் பதிவு செய்தார்கள். காலைப் படத்தில் ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி சிக்கலாகிவிடும். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 319 ரூபாய். சர்க்கரைப் பரிசோதனைக்கோ வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. திரும்பிவர மதியம் தாண்டிவிடும். இதற்கிடையில் படுக்கையில் கிடக்கும் அப்பத்தாவை யார் பார்ப்பது? இதை அக்கறையின்மை என்று சொல்வது அநியாயம்.

துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவைச் சேர்க்க முடியும் என்றார். ஆஸ்பத்திரி நோட்டையும் போன் நம்பரையும் கேட்டார். பதிவில் இருந்தது தம்பி எப்போதோ விட்டுவிட்ட நம்பர். நினைவூட்டும் அழைப்பு எப்படி வந்து சேரும்? பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரைக் கொடுத்தோம். முதல் மாதப் பட்டியலில் அம்மா பெயர் வரவில்லை, மறுபடி போய்க் கேட்க வேண்டியிருந்தது. அப்புறம் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கத் தொடங்கினார். அதே திட்டத்தில் அப்பத்தாவுக்கும் வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் நேரில் போகிறார். "உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?" என்று மருத்துவர் கேட்டு, வேலை இல்லாத நாளாகப் பார்த்து நோட்டில் குறித்துத் தந்தார். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா அப்பத்தாவோடு இருக்கிறார்.

காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் தந்த 500 ரூபாயை 2024 நவம்பரில் ஆயிரமாக உயர்த்தினார்கள். சர்க்கரைக்காக வரும் கூலிக்காரருக்கும் ஆஸ்பத்திரி நாளில் இழக்கும் கூலியை ஈடுகட்ட ஏதாவது செய்ய வேண்டும். உங்கள் வீட்டிலும் யாராவது தேதியைத் தவறவிட்டால், நோட்டோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பதிவில் இருக்கும் போன் நம்பரை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.